படைக்குள் ஒரு சிறகு: போட்ஸ்வானா விமானப் பிரிவின் வரலாறும் அமைப்பும்

1966 செப்டம்பர் 30 அன்று விடுதலை பெற்றபோது போட்ஸ்வானாவிடம் படை என்று ஒன்று இருக்கவில்லை. நாட்டின் பரப்பு 5,80,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்களோ பத்து லட்சத்துக்கும் குறைவு. பெரும்பகுதி காலஹாரி மணல்வெளி. தெற்கே நிறவெறி ஆட்சியின் தென்னாப்பிரிக்கா, மேற்கிலும் வடக்கிலும் அதன் பிடியில் இருந்த நமீபியா, கிழக்கே சிறுபான்மை வெள்ளையர் ஆண்ட ரொடீசியா. இத்தகைய சூழலிலும் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா படை அமைக்க முன்வரவில்லை. பள்ளிக்கும் சாலைக்குமே போதாத வருவாயைத் துப்பாக்கிக்குச் செலவிட அவர் விரும்பவில்லை. எல்லையைக் காக்கும் பொறுப்பு காவல்துறையின் நடமாடும் பிரிவிடம் இருந்தது. அந்தப் பதினோரு ஆண்டுத் தயக்கம் பின்னால் வந்த விமானப் பிரிவின் இயல்பை ஆழமாகத் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பெருமைக்காக வாங்கிய விமானங்களோடு அந்தப் பிரிவு தொடங்கவில்லை. ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டும் கருவியாகவே விமானம் அங்கே நுழைந்தது.

தயக்கத்தை முடித்துவைத்தது ரொடீசியப் போர். விடுதலைப் போராளிகளைத் துரத்திக்கொண்டு ரொடீசியத் துருப்புகள் எல்லை தாண்டுவது 1970களின் நடுவில் வழக்கமாயிற்று. 1977 ஏப்ரலில் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே போட்ஸ்வானா பாதுகாப்புப் படை உருவானது. தலைமை ஏற்ற மொம்பாட்டி மெராஃபே காவல்துறையிலிருந்து வந்தவர். துணைத் தளபதி, குடியரசுத் தலைவரின் மகன் இயன் காமா. பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் படைக் கல்லூரியில் பயின்ற அவருக்கு அப்போது வயது 24. விமானம் ஓட்டக் கற்றவர் அவர் என்பதைப் பின்னால் வருவதற்காக நினைவில் கொள்ள வேண்டும்.

தரைப்படையும் விமானப் பிரிவும் ஒரே சட்டத்தின் கீழ், ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தன. முதலில் வந்தவை பிரிட்டனின் பிரிட்டன்-நார்மன் டிஃபெண்டர் விமானங்கள். இரண்டு பிஸ்டன் இன்ஜின், நிலையான சக்கரங்கள், குறுகிய மண் ஓடுபாதையிலேயே ஏறி இறங்கும் திறன் கொண்டவை. வேகம் இல்லை; பார்க்கும்போது பிரமிப்பும் எழாது. ஆனால் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் தரைவழியே போக நாட்கணக்கில் ஆகிய காலத்தில், காவல் சுற்று, காயமுற்றோரைக் கொண்டுவருதல், தொலைதூர முகாம்களுக்கு உணவும் தோட்டாவும் சேர்த்தல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே இயந்திரம் செய்தது. அந்த நாட்டின் நிலத்துக்கும் கைப்பணத்துக்கும் இதைவிடப் பொருத்தமான தேர்வு அப்போது இருந்திருக்க முடியாது.

படை பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் பேரிழப்பு நேர்ந்தது. 1978 பிப்ரவரி 27 அன்று வடகிழக்கே கசுங்குலாவுக்கு அருகில் லெஷோமாவில் ரொடீசியத் துருப்புகளின் பதுங்கித் தாக்குதலில் 15 வீரர்கள் இறந்தனர். மறு ஆண்டு ஏப்ரலில், ஜாம்பியாவுடன் நாட்டை இணைத்த கசுங்குலாப் படகையும் ரொடீசியர்கள் மூழ்கடித்தனர். எல்லை முழுவதும் வீரர்களை நிறுத்திவைக்கும் அளவுக்கு ஆட்கள் இல்லாத படைக்கு, எங்கே என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டி அறிவதே முதல் தற்காப்பு. விமானப் பிரிவின் இடம் இதனால் உறுதிப்பட்டது.

1980இல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனதும் கிழக்கெல்லை ஓரளவு அமைதி கண்டது. அதே ஆண்டில் பயிற்சிக்கென ஸ்காட்டிஷ் ஏவியேஷன் புல்டாக் விமானங்கள் ஆறு வந்தன. சொந்த மண்ணில் விமானிகளை உருவாக்கும் முயற்சியின் தொடக்கம் இது. இதற்கிடையே அச்சம் திசை மாறியது. 1985 ஜூன் 14 இரவு தென்னாப்பிரிக்கச் சிறப்புப் படையினர் தலைநகர் கபரோனுக்குள் புகுந்து 12 பேரைக் கொன்றுவிட்டுத் திரும்பினர். தடுக்க யாராலும் இயலவில்லை. அந்த இரவுக்குப் பிறகு பாதுகாப்புச் செலவு பற்றிய பேச்சின் தொனியே மாறியது. வைரச் சுரங்கங்கள், குறிப்பாக 1982இல் திறக்கப்பட்ட ஜ்வானெங், தேவையான பணத்தையும் தந்தன. குவைத்திடம் இருந்த ஸ்ட்ரைக்மாஸ்டர் இலகு தாக்குதல் ஜெட்டுகள் 1988இல் வந்து சேர்ந்தன.

அதே 1988 ஆகஸ்ட் 7 அன்று நடந்தது தனியே சொல்லத்தக்கது. குடியரசுத் தலைவர் க்வெட் மசிரே பயணம் செய்த ஓகே-1 என்ற பிஏஇ-125 விமானம் அங்கோலத் தலைநகர் லுவாண்டாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. எதிரி விமானம் என்று கருதி அங்கோலாவின் மிக்-23 ஒன்று ஏவுகணை வீசியது. வலப்பக்க இன்ஜின் பிய்ந்து விழுந்தது. மசிரே காயமுற்றார். ஒற்றை இன்ஜினோடு விமானத்தைக் கூயிட்டோ ஓடுபாதையில் இறக்கிய விமானிகளின் திறமை அசாதாரணமானது. நட்பு நாட்டின் வானிலேயே, நட்பு நாட்டின் ஏவுகணையால், ஒரு நாட்டின் தலைவர் உயிரிழக்கும் நிலைக்குப் போனார். தென்னாப்பிரிக்க விமானங்கள் விருப்பம்போல் ஊடுருவிய அக்காலத்து வானம், அடையாளம் தெரியாத எதையும் எதிரியாகப் பார்க்கவைத்தது. அந்தப் பதற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த பத்தாண்டின் பெருஞ்செலவுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

1990இல் புல்டாகுக்குப் பதிலாக ஏழு பிலாட்டஸ் பிசி-7 வந்தன. மொலெபொலொலெ நகருக்கு அப்பால் தெபெபாட்ஸ்வாவில் பெரிய விமானத் தளம் ஒன்று 1990களில் எழுந்தது. ஸ்ட்ரைக்மாஸ்டர்களின் இடத்தை நிரப்ப 1996இல் கனடாவிடமிருந்து பழைய சிஎஃப்-5 போர் விமானங்கள் 13 வாங்கப்பட்டன. ஒலியை மிஞ்சும் வேகமுள்ள முதல் விமானங்கள் இவை.

இங்குதான் ஆய்வாளர் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஜெட்டுகள் யாருக்கு எதிராக? ரொடீசியா மறைந்து பதினாறு ஆண்டுகள். தென்னாப்பிரிக்காவில் 1994இலேயே மக்களாட்சி மலர்ந்தாயிற்று. எஞ்சியது நமீபியாவுடன் சோபே ஆற்றிலுள்ள கசிகிலி அல்லது செடுடு என்ற சிறு தீவின் தகராறு. அந்த நமீபியாவிடம் அப்போது போர் ஜெட் ஒன்றுகூட இல்லை. அதன் தலைநகர் விண்ட்ஹுக்கில் கவலைக் குரல் எழுந்ததில் வியப்பில்லை. தீவோ 1999 டிசம்பர் 13 அன்று பன்னாட்டு நீதிமன்றத் தீர்ப்பின் வழியே போட்ஸ்வானாவுக்குக் கிடைத்தது. குண்டு எதுவும் தேவைப்படவில்லை. சிஎஃப்-5 வாங்கியது 1985 இரவின் பயத்துக்குக் காலம் கடந்து அளித்த விடை என்றே நான் கருதுகிறேன். அந்தப் பயம் நியாயமானது. விடைதான் பொருந்தவில்லை.

அமைப்பைப் பொறுத்தவரை இது தனிப் படையாக ஒருபோதும் பிரிக்கப்படவில்லை. பாதுகாப்புப் படையின் ஓர் அங்கம். அதிகாரிகளுக்கும் தரைப்படைப் பதவிப் பெயர்களே. படையணிகள் 'இசட்' எழுத்தும் ஓர் எண்ணும் கொண்டு அழைக்கப்படுகின்றன. சிஎஃப்-5 ஜெட்டுகள் இசட்-28 அணியில், பயிற்சி விமானங்கள் இசட்-7இல், ஹெலிகாப்டர்கள் இசட்-21இல், பெரிய சரக்கு விமானங்கள் இசட்-10இல். தலைமைத் தளம் தெபெபாட்ஸ்வா. ஃபிரான்சிஸ்டவுனும் மௌனும் வடக்குக்கான கால்பதிப்பு இடங்கள். தனிப் படையாகாததால் விமானிகள் சிறுமைப்பட்டார்கள் என்று எண்ணினால் அது தவறு. 1989 முதல் 1998 வரை ஒட்டுமொத்தப் படையையும் நடத்திய இயன் காமா விமானம் ஓட்டுபவர். 2006இல் தளபதியான தெபோகோ மசிரேயும், 2016இல் பொறுப்பேற்ற பிளாசிட் செகோக்கோவும் விமானப் பிரிவிலிருந்தே உயர்ந்தவர்கள். தனிப் படை என்ற மதில் இருந்திருந்தால் இந்த வழி திறந்திருக்குமா என்பது ஐயமே. இந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. துணைக் குடியரசுத் தலைவரான பிறகும் காமா படை விமானங்களைத் தாமே ஓட்டிச் சென்றார். படையின் சொத்து அரசியல்வாதியின் கைக்குப் போகலாமா என்ற கடும் விவாதம் நாட்டில் நடந்தது. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.

விமானப் பிரிவின் உண்மையான உழைப்பு வடக்கில், சோபே, லின்யாந்தி ஆற்றோரங்களிலும் ஒகவாங்கோ நீர்வெளியிலும் கிடக்கிறது. யானைத் தந்தத்துக்காகவும் காண்டாமிருகக் கொம்புக்காகவும் ஆயுதமேந்திய கும்பல்கள் எல்லை தாண்டி வந்தபோது, 1987இல் அரசு படையைக் காட்டுக்கு அனுப்பியது. வனத்துறை ஊழியர்களால் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொள்ள இயலவில்லை. பகலெல்லாம் தாழப் பறந்து தடம் தேடுவது, தடம் கிடைத்ததும் ஹெலிகாப்டரில் வீரர்களை முன்னே கொண்டுபோய் இறக்குவது என்ற முறை அங்கே வளர்ந்தது. இதற்கென்றே 1990களில் அமெரிக்காவிடமிருந்து ஓ-2 ஸ்கைமாஸ்டர் விமானங்கள் பெறப்பட்டன. மெதுவாகப் பறப்பதால் கீழே நன்றாகப் பார்க்க முடிவதே அவற்றின் சிறப்பு. பின்னாளில் அயல்நாட்டிலிருந்து காண்டாமிருகங்களை ஏற்றி வந்து காட்டில் விடவும் பிரிவின் சி-130 சரக்கு விமானங்கள் பயன்பட்டன. ஏறத்தாழ 1,30,000 யானைகள் வாழும் நாட்டில் இது அலங்கார வேலை அல்ல. சுற்றுலா வருவாயே அதை நம்பியிருக்கிறது.

ஆனால் காட்டுக் காவலைப் படையிடம் விட்டதன் இருண்ட பக்கத்தையும் எழுதியாக வேண்டும். 2018இல் வனத்துறை ஊழியர்களிடமிருந்து படைத்தர ஆயுதங்கள் திரும்பப் பெறப்பட்டபின் படையின் சுமை மேலும் கூடியது. 2020 நவம்பரில் சோபே ஆற்றில் நமீபியச் சகோதரர் மூவரும் அவர்களது ஜாம்பிய உறவினரும் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மீன்பிடிக்கச் சென்றவர்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வேட்டைக் கும்பல் என்று படை சொன்னது. போருக்குப் பழக்கப்பட்ட கண் எல்லை மக்களை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி ஆற்றின் இரு கரையிலும் இன்னும் ஆறவில்லை.

பிசி-7க்குப் பதிலாக 2010களில் ஐந்து புதிய பிசி-7 மார்க்-2 பயிற்சி விமானங்கள் வந்துவிட்டன. சிஎஃப்-5க்கு மாற்றாக ஸ்வீடனின் கிரிப்பன், தென்கொரியாவின் எஃப்ஏ-50 ஆகியவை பேசப்பட்டபோது, வேலையின்மையும் வறட்சியும் வாட்டும் நாட்டுக்கு இந்தச் செலவு ஏன் என்று எதிர்க்கட்சிகளும் நாளேடுகளும் உரக்கக் கேட்டன. 1966இல் செரெட்சே காமா தம்மையே கேட்டுக்கொண்ட கணக்கு, இம்முறை பொதுவெளியில் போடப்பட்டது.