பெயர் போன தியேட்டர்

லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் இப்போது கீல்குட் தியேட்டர் என்று நிற்கும் அரங்கு, 1906-ல் திறந்தபோது அதன் பெயர் ஹிக்ஸ் தியேட்டர். மியூசிக்கல் நாடகங்களில் நடித்து, எழுதி, கொடி கட்டிப் பறந்த சீமோர் ஹிக்ஸின் பெயர் அது. மூன்றே வருடம்! 1909-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர் சார்லஸ் ஃப்ரோமன் அதை 'குளோப்' ஆக்கிவிட்டார்.

மனுஷன் அசரவில்லை. சினிமா பக்கமும் வந்தார். 1923-ல் அவர் நடித்த குறும்படம் ஒன்றின் இயக்குநர் பாதியில் விலக, ஸ்டுடியோவில் வேலை பார்த்த இளைஞர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு தானே முடித்தார். அந்த இளைஞர்... ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்!

1901-ல் மேடையில் போட்ட டிக்கன்ஸின் கஞ்சன் ஸ்க்ரூஜ் வேஷத்தை 1913-ல் ஊமைப்படத்திலும் போட்டார். 1935-ல், 64 வயதில், பேசும் படத்திலும் அதே ஸ்க்ரூஜ். திரைக்கதையிலும் அவர் கை உண்டு. நடிப்பு கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் தலை கலைந்த அந்தக் கஞ்சனிடம் கடன் கேட்க யாருக்கும் தைரியம் வராது.