இல்லாத பட்டனும் ஸ்க்ரீன்காஸ்ட் வரலாறும்

போன மாதம் ப்ராஜெக்டுக்காக ஒரு கம்பெனியின் பழைய ஆண்டறிக்கையைத் தேடி எங்கள் நூலக டேட்டாபேஸில் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். உதவி வீடியோவில் "மேலே வலது ஓரத்தில் உள்ள பட்டனை அழுத்தவும்" என்றது குரல். என் திரையில் அப்படி ஒரு பட்டனே இல்லை! அந்தக் கடுப்பில் இந்த வீடியோக்களின் கதையைத் தோண்டினேன்.

கம்ப்யூட்டர் திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்யும் மென்பொருள் புதிதல்ல. லோட்டஸ் ஸ்க்ரீன்கேம் 1994-லேயே வந்துவிட்டது. பிறகு கேம்டேசியா, 2004-ல் மேக்ரோமீடியா கேப்டிவேட். அதே 2004 நவம்பரில் ஜான் உடெல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்த வகைப் படங்களுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்று தன் வாசகர்களைக் கேட்டார். வந்தவற்றில் அவர் எடுத்துக்கொண்டதுதான் 'ஸ்க்ரீன்காஸ்ட்'.

அமெரிக்க, கனடிய பல்கலைக்கழக நூலகர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. வகுப்புக்கு வகுப்பு போய் ஒரே தேடலைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டுவார்கள். மாணவனுக்கு அது தேவைப்படுவதோ இரண்டு மாதம் கழித்து, நூலகம் பூட்டிய பிறகு. வீடியோ என்றால் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், "மறுபடி சொல்லுங்க மேடம்" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் நான் காமர்ஸ் மாணவன், எனக்குத் தேய்மானம்தான் கண்ணில் படுகிறது. மூன்று நிமிட வீடியோவுக்கு வசனம், பதிவு, எடிட்டிங் என்று மணிக்கணக்கில் வேலை. டேட்டாபேஸ் நிறுவனம் பக்கத்தின் தோற்றத்தை மாற்றினால் அதன் மதிப்பு ஒரே நாளில் பூஜ்யம். லெக்ஸிஸ்நெக்ஸிஸ் அகாடமிக் 2017-ல் நெக்ஸிஸ் யூனி ஆனபோது, பழையதைக் காட்டிய பாடங்கள் எல்லாம் அப்படித்தான் போயின.

இந்தச் சிக்கலை முதலிலேயே உணர்ந்து ஏதாவது செய்தவர்கள் என்றால், என் கணக்கில், மேற்குக் கனடாவின் பல்கலைக்கழக நூலகங்கள்தான். 2005-ல் அவர்கள் தொடங்கிய திட்டத்தின் சுருக்கப் பெயர் ஆன்ட்ஸ். ஆமாம், எறும்புகளேதான் :-) ஆளுக்கொரு டேட்டாபேஸை எடுத்துப் பாடம் தயாரிப்பது, முடிந்த வீடியோவோடு நிறுத்தாமல் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் பொதுவில் வைப்பது. ஒரு திரை மாறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். வேறொரு நூலகம் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்போதைய பாடங்களில் நிறைய ஃப்ளாஷ் வடிவில் இருந்தன. 2020 டிசம்பர் 31-ல் அடோபி ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்தியது. மூலக் கோப்பு வைத்திருந்தவர்கள் வேறு வடிவில் எடுத்துக்கொள்ள முடிந்தது. மற்றவர்களிடம் மிஞ்சியது, திறந்தால் ஓடாத பெட்டி.

மறுநாள் எங்கள் நூலகத்தில் அந்த இல்லாத பட்டனைப் பற்றிச் சொன்னேன். கவுண்டரில் இருந்த அக்கா சிரித்தார். வீடியோ செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம், மூலக் கோப்பு யாரிடமும் இல்லையாம். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆண்டறிக்கையை அவரே எடுத்துக் கொடுத்தார்.