மார்ச்சில் நிறம் மாறும் வலசைப் பறவைகள்: எங்கே, எப்படிப் பார்க்கலாம்?

வலசைப் பறவைகளைப் பார்க்க டிசம்பர், ஜனவரிதான் சீசன் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், கடலோர ஈரநிலங்களில் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை வேறொரு காட்சியைப் பார்க்கலாம். ஊர் திரும்பும் முன் பறவைகள் நிறம் மாறும் நேரம் அது.

எங்கே பார்க்கலாம்?

நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரையின் சதுப்பு நிலங்களும் உப்பளங்களும் முக்கியமான இடம். 2002-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. சென்னைவாசிகளுக்கு பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், பழவேற்காடு ஏரி இருக்கின்றன.

என்ன மாற்றம் தெரியும்?

குளிர்காலத்தில் கர்லூ சேண்ட்பைப்பர் என்ற உள்ளான் வெறும் சாம்பல் நிறத்தில் டல்லாக இருக்கும். ஏப்ரலில் கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் செங்கல் சிவப்பாகிவிடும். அதே பறவைதானா என்று கேட்கத் தோன்றும். மார்ச்சில் ஒரே கூட்டத்தில் சாம்பல், பாதி சிவப்பு, முழுச் சிவப்பு என மூன்றையும் பார்க்க முடியும். கருவால் மூக்கனின் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் ஏறும்.

ஏன் இப்படி?

அடுத்து வருவது இனப்பெருக்க காலம். கர்லூ சேண்ட்பைப்பர் முட்டையிடுவது சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில். அங்கே கோடையில் பூச்சிகள் ஏராளம், சூரியனும் மறைவதில்லை. குஞ்சு வளர்க்க ஏற்ற இடம்.

எல்லாமே கிளம்பிவிடுமா?

இல்லை. முந்தைய ஆண்டு பிறந்த இளம் பறவைகளில் பல, முதல் கோடையில் இங்கேயே தங்கிவிடும். மே மாதத்திலும் சாம்பல் நிறத்தில் உள்ளான் தெரிந்தால், பெரும்பாலும் அது இளசுதான்.

தொந்தரவு செய்தால் என்ன ஆகும்?

கொசு உள்ளானின் எடை 20 முதல் 40 கிராம்தான். சேற்றில் புழு, பூச்சி தின்று சேர்க்கும் கொழுப்புதான் அதன் பயணத்துக்கு எரிபொருள். போட்டோவுக்காக ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்த எரிபொருள் வீணாகிறது, சாப்பிடும் நேரமும் போகிறது.

கவனிக்க வேண்டியவை

* காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். அப்போதுதான் நிறம் சரியாகத் தெரியும்.
* பறவைகள் தின்பதை நிறுத்தித் தலை தூக்கினால், அதற்கு மேல் நெருங்க வேண்டாம்.
* டிரோன் வேண்டாம். பைனாகுலர் போதும்.
* சரணாலயப் பகுதிக்குள் போகும் முன் வனத்துறை அனுமதி பெறுங்கள்.
* பார்த்த பறவை, தேதி, இடத்தை இ-பேர்ட் செயலியில் பதிவு செய்யலாம். எந்தப் பறவை எப்போது கிளம்புகிறது என்பதை அறிய இந்தப் பதிவுகள் உதவும்.