பெட்டியடிப் பையனின் எம்.பி.ஏ.

எஞ்சினியரிங் கடைசி வருஷத்துல மேலாண்மைக் கோட்பாடுகள்னு ஒரு பேப்பர் வருமே, ஞாபகம் இருக்கா மக்களே? ஃபயோலோட 14 கோட்பாடு, டெய்லரோட அறிவியல் மேலாண்மை. முதல் நாள் ராத்திரி உருப்போட்டா பாஸ். இத்தனைக்கும் ஃபயோல் சுரங்க எஞ்சினியர், டெய்லர் மெக்கானிக்கல். நம்ம ஆளுங்கதான் :-) ஆனா ஒரு பேரேடு எப்படி இருக்கும்னு யாரும் கண்ணுல காட்டலை. லாபத்துல ஓடுற கம்பெனி, சம்பளம் போட காசில்லாம ஏன் தவிக்கும்? இந்தக் கேள்விதான் என்னை செட்டிநாட்டுப் பக்கம் இழுத்துட்டுப் போச்சு.

நகரத்தார் வீட்டுப் பையன் பத்து, பன்னிரண்டு வயசுலயே கடைக்குப் போயிடுவான். பேரு பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை, கூடவே கணக்கு. முந்திரின்னா 320-ல ஒரு பங்கு. அந்த அளவு பின்னத்தையும் மனசுலயே போடணும். அப்புறம் அடுத்தாள், அதுக்கப்புறம் ஏஜெண்ட். ஏஜெண்டா ரங்கூன், பினாங்குன்னு கடல் தாண்டிப் போனா மூணு வருஷத் தவணை. முடிச்சுத் திரும்பும்போது ஐந்தொகை எடுத்து முதலாளி முன்னாடி வைக்கணும். லாபம் வந்தா அதுலயும் ஒரு பங்கு உண்டு. ரங்கூன் மொகல் தெருக் கோயில்ல மாசாமாசம் கூடி நடப்பு வட்டியை முடிவு பண்ணுவாங்க.

ஒரு வேடிக்கை. அந்த சமூகத்தைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் கொடுத்த நன்கொடையில 1944-ல கிண்டியில வந்த ஏ.சி. டெக், 1978-ல அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்ள சேர்ந்துடுச்சு. அதே பல்கலைக்கழகத்தோட பாடத்திட்டத்துல நாங்க படிச்சது ஃபயோல். ஐந்தொகை இல்லை.

சரி, என் கேள்விக்கு வர்றேன். பர்மா நெல் விவசாயிக்கு செட்டியார்கள் நிலத்து மேல கடன் கொடுத்தாங்க. 1930-ல உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை படுத்துடுச்சு. கடன் திரும்பலை, பதிலுக்கு நிலம் வந்துச்சு. கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930-ல இவங்க கையில இருந்தது 6 சதவீத நிலம். 1938-ல 25 சதவீதம், சுமார் 24 லட்சம் ஏக்கர். பேரேட்டைப் பார்த்தா மகாராஜா. பெட்டியைத் திறந்தா காசில்லை. வாங்குறதுக்கு ஆள் இல்லாத நிலத்தை வச்சுக்கிட்டு, டெபாசிட் போட்டவருக்கு என்ன பதில் சொல்றது?

எங்க கெடார்ல இதைப் புரியவைக்க எம்.பி.ஏ. வேண்டாம். விழுப்புரம் பக்கம் மல்லாட்டை (உங்களுக்கு வேர்க்கடலை) போடுறவங்களுக்கு மூணு ஏக்கர் இருக்கும், ஆனா விதைப்பு நேரத்துல விதைக்குக் கடன் கேட்டு நிப்பாங்க. ஒரு மூட்டை விதைக்காக நிலத்துல ஒரு துண்டைக் கிள்ளி விக்க முடியுமா? சொத்து வேற, கைக்காசு வேற. நாலு வருஷ காலேஜ்ல யாரும் சொல்லாத பாடம் இதுதான்.

இதுல செட்டியார்கள் மேல மட்டும் பரிதாபப்பட எனக்கு மனசு வரலை. அந்த 24 லட்சம் ஏக்கரும் யாரோ ஒரு பர்மாக்கார விவசாயி இழந்தது. அந்தக் கோபம் அங்க இந்தியர்களுக்கு எதிரான அரசியலா வளர்ந்துச்சு. 1942-ல ஜப்பான் படை உள்ளே வந்ததும் பல பேர் கணக்குப் புத்தகங்களைக்கூட எடுக்க முடியாம ஓடி வந்தாங்க. சுதந்திரம் வாங்கின 1948-லயே பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டுடுச்சு. அதுக்கப்புறம் நஷ்டஈடு கேட்டு மனு எழுதுறதுதான் பல செட்டிநாட்டு வீடுகள்ல மிச்சமிருந்த வேலை.