உறங்குபவனும் ஊர்தியும்

மது அருந்தியவன் வண்டி ஓட்டினால் அது குற்றம். இதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், மது அருந்தியவன் ஓட்டாமல், வண்டியை ஓரமாக நிறுத்தி, அதனுள்ளேயே படுத்துறங்கினால் அதுவும் குற்றமாகுமா? இவ்வினாவிற்கு விடை காண ஆங்கிலச் சட்டம் நூறாண்டுகளுக்கு மேல் முயன்றுள்ளது. படுக்கையும் அடுப்பும் அலமாரியும் அமைந்த கேம்பர்வேன்கள் பெருகிய பின்னர் வினா இன்னும் கூர்மை பெற்றது. அவ்வண்டி இரவில் வீடு; காலையில் ஊர்தி. ஒருவன் தன் வீட்டில் குடித்துவிட்டு உறங்குவதைப் போக்குவரத்துச் சட்டம் கேட்பதில்லை. சக்கரம் பூட்டிய வீட்டில் உறங்கினால்?

குதிரை வண்டிக் காலம்

இவ்வரலாறு மோட்டார் வண்டிக்கு முன்னரே தொடங்குகிறது. இங்கிலாந்தில் 1872ஆம் ஆண்டின் மதுவிற்பனை உரிமச் சட்டம், பொதுச்சாலையில் வண்டியையோ, குதிரையையோ, கால்நடையையோ, நீராவி எந்திரத்தையோ குடிபோதையில் தன் பொறுப்பில் வைத்திருப்பவனைத் தண்டித்தது. நாற்பது ஷில்லிங் அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை. ‘ஓட்டுதல்’ என்னாது ‘பொறுப்பில் வைத்திருத்தல்’ என்று கூறியது கருதத்தக்கது. வண்டிக்காரன் உறங்கினாலும் குதிரை நடக்கும். மேய்ப்பவன் மயங்கினாலும் மாடு சாலையில் அலையும். ஆகவே, உயிருள்ள விலங்கைப் பொறுத்தவரை அச்சொல் முற்றிலும் பொருத்தமானதே.

1897ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் நகரில் மின்சார வாடகை வண்டியை ஓட்டிய இளைஞர் ஒருவர் அதனைக் கட்டடம் ஒன்றில் மோதினார். குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்காக அங்கே தண்டனை பெற்ற முதல்வர் அவரே என்பர். 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் எந்திரத்தால் இயங்கும் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதனை விரிவாக்கியது.

ஒரே தட்டில் மூவர்

1930ஆம் ஆண்டுச் சட்டம் வண்டியை ஓட்டுபவன், ஓட்ட முயல்பவன், பொறுப்பில் வைத்திருப்பவன் ஆகிய மூவரையும் ஒரே பிரிவில் வைத்தது. சிறப்புக் காரணம் காட்டினாலன்றி, மூவர்க்கும் ஓராண்டு ஓட்டுநர் உரிமம் பறிபோகும். குதிரைக்குப் பொருந்திய சொல் இங்கே இடர் விளைத்தது. மோட்டார் வண்டி தானாக நடவாது. எந்திரத்தை நிறுத்திவிட்டு உறங்குபவனால் அந்நேரத்தில் எவர்க்கும் தீங்கில்லை. எனினும் அவனும், குடித்துவிட்டு வேகமாக ஓட்டியவனும் சட்டத்தின் முன் ஒன்றே.

1953ஆம் ஆண்டு வழக்கொன்றில் இக்கடுமை வெளிப்பட்டது. மது மயக்கத்திலிருந்த ஒருவரை வீட்டிற்கு அழைத்துச் செல்ல நண்பர்கள் ஏற்பாடு செய்திருந்தனர். அவர் தம் மோட்டார் சைக்கிளை ஓட்டவில்லை. ஆயினும், அதனைப் பிறரிடம் ஒப்படைக்கும் வரை அது அவர் பொறுப்பிலேயே இருந்தது என உயர்நீதிமன்றம் கூறியது.

இவ்விதி நல்ல எண்ணத்தையே தண்டித்தது. ‘ஓட்டாமல் உறங்கினாலும் தண்டனை; ஓட்டினாலும் அதே தண்டனை’ என்றால், போதையிலுள்ளவன் எதைத் தேர்வான்? உறங்க வேண்டியவனையும் ஓட்டத் தூண்டும் சட்டம் சாலையைக் காக்குமா?

1956ஆம் ஆண்டின் திருத்தம்

இக்குறையை 1956ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஓரளவு நீக்கிற்று. பொறுப்பில் வைத்திருத்தலைத் தனிக் குற்றமாகப் பிரித்தது. விடுதலைக்கும் ஒரு வழி திறந்தது. மயக்கம் தீரும் வரை தான் வண்டியை ஓட்டியிருக்கக்கூடிய நிலையே இல்லை என்று ஒருவன் மெய்ப்பித்தால், அவன் வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவனாகக் கொள்ளப்படமாட்டான். மயங்கிய பின் ஓட்டியிருக்கவும் கூடாது என்பது அன்று மற்றொரு நிபந்தனை. இன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அது இடம் பெறவில்லை.

அதே பத்தாண்டிலேதான் படுக்கை வண்டிகளும் பெருகின. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் வேன் 1950இல் உற்பத்திக்கு வந்தது. இங்கிலாந்தின் போக்ஸ்டன் நகரில் டார்மொபைல் உருவாயிற்று. அப்பெயரே உறக்கத்தையும் மோட்டார் வண்டியையும் இணைத்த சொல்லாகும்.

1967ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டம் மயக்கத்தை எண்ணால் அளந்தது. பார்பரா காசில் அம்மையார் போக்குவரத்து அமைச்சராயிருந்த காலம் அது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுச்சாரம் என்பது வரம்பாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 9 முதல் சாலையில் மூச்சுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் அவ்வரம்பை 50 ஆகக் குறைத்தது.

எது பொது இடம்?

இவ்விதிகள் சாலையிலும் பொது இடத்திலும் செல்லும். மதுக்கடையின் பின்புறமுள்ள வண்டி நிறுத்துமிடம் வாடிக்கையாளர்க்குத் திறந்திருக்கையில் பொது இடமே என 1947ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கூறியது. கட்டணம் செலுத்தி விடுமுறையினர் தங்கும் கேரவன் பூங்காவும் பொது இடமாகலாம் என்றது 1991ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளிவந்த தீர்ப்பு. ஆகவே, கூடாரத் திடலில் நிற்பதனாலேயே கேம்பர்வேன் சட்டத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

1989ஆம் ஆண்டு வழக்கொன்றில் நீதிபதி டெய்லர், நீதிமன்றம் நோக்க வேண்டியவற்றை வகுத்துரைத்தார். அவன் வண்டியினுள் எங்கே இருந்தான்? என்ன செய்துகொண்டிருந்தான்? சாவி யாரிடம் இருந்தது? ஓட்டும் எண்ணத்திற்குச் சான்று உண்டா? உடன் வேறு எவரேனும் இருந்தனரா? திரையை இழுத்து, படுக்கையை விரித்து, இரவு உடையில் உறங்குபவனுக்கும், ஓட்டுநர் இருக்கையில் சாவியுடன் சாய்ந்திருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இவ்வினாக்களால் புலப்படும்.

எனினும் மெய்ப்பிக்கும் சுமை உறங்கியவன் மீதே உள்ளது. இது நியாயமா என்ற வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. சாலையில் உயிர்களைக் காக்கும் நோக்கத்திற்கு அச்சுமை ஏற்றதே என 2004இல் அச்சபை தீர்ப்பளித்தது. அவன் உள்ளத்தில் இருந்ததை அவனன்றி வேறு யார் அறிவார்?

விடியற்காலைக் கணக்கு

இங்கே பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. ‘இரவு ஓட்டமாட்டேன்’ என்று காட்டினால் மட்டும் போதாது. இரத்தத்தில் மது வரம்பிற்கு மேல் இருக்கும்வரை ஓட்டுவதற்கு இடமில்லை என்று காட்ட வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தத்திலுள்ள மதுச்சாரத்தை உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கழிக்கிறது. சிலர்க்கு 10, சிலர்க்கு 20. உறக்கமோ காப்பியோ இதனை விரைவுபடுத்துவதில்லை. இரவு 11 மணிக்கு ஒருவன் இரத்தத்தில் 150 மில்லிகிராம் இருந்தால், காலை 5 மணிக்கு, சராசரி உடலில் 60 எஞ்சும். மெதுவான உடலில் 90 எஞ்சும். முன்னவன் 80 என்னும் வரம்பிற்குள் வந்துவிட்டான், பின்னவன் வரவில்லை. ஐந்து மணிக்குப் புறப்படத் திட்டமிட்டு உறங்கியவனின் வழக்கு, இந்தக் கணக்கிலேயே வெல்லவும் கூடும், தோற்கவும் கூடும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்

ஆங்கிலச் சட்ட மரபிலிருந்து வந்தமையால் இவ்விதி இப்பகுதி வாசகர்க்கும் உரியதே. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஆம் பிரிவும், சிங்கப்பூர்ச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 68ஆம் பிரிவும், மது மயக்கத்தில் வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பதைத் தனிக் குற்றமாகவே கொள்கின்றன. ஓட்டும் நிலை இல்லை என மெய்ப்பித்து விடுபடும் வழியும் அங்கே உண்டு. மலேசியா 2020இல் இரத்த வரம்பை 80இலிருந்து 50 ஆகக் குறைத்தது. வரம்பு குறையக் குறைய, விடியற்காலைக் கணக்கின் மணிநேரம் நீளும்.

1872இல் சட்டம் அஞ்சியது குதிரையின் கால்களுக்கு. இன்று அது அஞ்சுவது உறங்குபவன் விழித்தெழும் வேளைக்கு. உறங்குவதைக் குற்றமென்று கூறுவது அதன் நோக்கமன்று. தெளியாமலே எழுந்து சாவியைத் திருப்புவதைத் தடுப்பதே நோக்கம். மது அருந்த எண்ணுவோர் சாவியை முன்னரே மற்றொருவரிடம் ஒப்படைத்துவிடுவது நன்று. 1953ஆம் ஆண்டு வழக்கின் மோட்டார் சைக்கிள்காரர் செய்யத் தவறியதும் அதுவே.