"எந்த ஊர்?"



கொழும்பில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் நம்மில் பலர் "மட்டக்களப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். காத்தான்குடி என்று வாயில் வருவதில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த பழக்கம் இது. குண்டு வைத்தவர்களின் தலைவன் நம் ஊரவன். அந்தப் பாவத்தில் பங்கில்லாத நாமும் ஊர்ப் பெயரை ஒளிக்கிறோம்.

"வந்தேறிகள்" என்ற சொல்லும் காதில் விழுகிறது. சரி, வந்த கதையையே பார்ப்போமே. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, 4000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான். இதைவிடப் பழைய கதையும் உண்டு. திமிலரோடு நடந்த சண்டையில் முக்குவருக்குப் பட்டாணியர் உதவினார்களாம், பரிசாக முக்குவப் பெண்களை மணந்து ஏறாவூரில் குடியமர்ந்தார்களாம். சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை என்று நாம் பஸ்ஸில் கடக்கும் பெயர்களுக்கெல்லாம் அந்தச் சண்டையைத்தான் காரணம் சொல்வார்கள்.

கதை எவ்வளவு உண்மையோ, தாய்வழிக் குடி உண்மை. தமிழருக்கும் நமக்கும் அது பொது. மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதும் பொது. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். ஒருவருக்கு அவமானம் நேர்ந்தால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்தது.

1990 அதை உடைத்தது. ஆகஸ்ட் 3 இஷாத் தொழுகையில், மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். நம் துயரத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுவரிலுள்ள சூட்டுத் துளைகளை வருபவர்களுக்குக் காட்டுகிறோம். ஆனால் அன்று வாப்பாவை இழந்த பிள்ளைகள் இரவில் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்டோமா? "ஸப்ர் செய்யுங்கள்" என்றோம். ஸப்ர் நல்லது. நாம் சொன்ன விதம்தான் அவர்களின் வாயை அடைத்துவிட்டது. நெஞ்சு படபடக்கிறது என்றவரைச் சந்தேகமாகப் பார்த்தோம். மனநல வைத்தியரிடம் போவதென்றால் ஊருக்குத் தெரியாமல் போகவேண்டியிருந்தது.

2019இலும் அதையேதான் செய்தோம். சோதனைக்குப் பயந்து அரபுக் கிதாபுகளை ஒளித்த வீடுகள் எத்தனை! அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் வகுப்பில் ஒரு மாணவன், "சேர், கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஊர்ப் பெயரை எழுதவா, விடவா?" என்று கேட்டான். எழுது என்று சொல்ல எங்களுக்குச் சற்று நேரம் எடுத்தது. அவன் அதைக் கவனித்துவிட்டான்.