முன்னதை விஞ்சிய பின்னது

வெற்றி பெற்ற ஒரு திரைப்படத்தைத் தொடர்ந்து அடுத்ததொன்று எழுவது திரையுலக வணிகத்தின் இயல்பு. அவ்வாறு எழுவன பெரும்பாலும் முன்னதன் நிழலாகவே நின்றுவிடுகின்றன. அங்ஙனமன்றி, முன்னதை விஞ்சி நின்றவற்றுள் ஒன்று, 1963 அக்டோபரில் இலண்டனில் வெளியான ‘பிரம் ரஷ்யா வித் லவ்’ என்னும் ஒற்றர் படமாகும்.

ஓராண்டுக்கு முன்னர், 1962 அக்டோபரில் வெளிவந்தது ‘டாக்டர் நோ’. இயான் பிளெமிங் படைத்த ஜேம்ஸ் பாண்ட் என்னும் உளவாளியை ஷான் கானரி முதன்முதலாகத் திரையில் நிறுத்தினார். ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் செலவில் உருவான அப்படத்தின் பெருவெற்றியால், அடுத்த படத்திற்கு 20 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. இயக்குநர் டெரன்ஸ் யங்கே இரண்டையும் இயக்கினார். ஆயினும், பின்னதன் உயர்வுக்குப் பணப்பெருக்கம் மட்டுமே காரணமன்று. கதை சொல்லும் முறையிலேயே அவ்வுயர்வு அடங்கியிருக்கிறது.

முதற்படத்தில் பகைவன் யாரென்பது இறுதிப் பகுதிவரை மறைக்கப்பட்டுள்ளது. ‘யார்?’ என்னும் வினாவே அங்குக் கதையை நடத்துகிறது. இரண்டாம் படமோ பகைவரின் சூழ்ச்சியைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. சதுரங்க வல்லுநன் ஒருவன் திட்டம் வகுக்கிறான். கிராண்ட் என்னும் கொலைஞன் இஸ்தான்புல் நகரில் பாண்டை நிழல்போல் தொடர்கிறான். நாயகன் அறியாததை நாம் அறிவோம். ஆகவே, ‘எப்போது?’ என்னும் அச்சம் காட்சிதோறும் வளர்கிறது.

அவ்வச்சம் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் தொடர்வண்டியில் முற்றுகிறது. ஆங்கில ஒற்றனாக நடிக்கும் கிராண்ட், மீன் உணவோடு சிவப்பு மதுவைக் கேட்கிறான். மேட்டுக்குடி வழக்கறியாத அச்சிறு பிழையின் பொருள் பாண்டுக்குப் பின்னரே விளங்குகிறது. இலண்டனில் பாண்டிடம் கொடுக்கப்பட்ட கைப்பெட்டியிலிருந்த பொற்காசும் கண்ணீர்ப் புகையும் மறைகத்தியும் ஈண்டுப் பயன்படுகின்றன. முன்னர் விதைத்ததைப் பின்னர் அறுவடை செய்யும் இவ்வொழுங்கு, கதை எழுதுவோர் கருதத்தக்கது. முதற்படத்தின் முடிவில் அணுஉலை வெடிக்கிறது. இங்கோ, ஒரு சிறு அறைக்குள் இருவர் பொருதுவதே உச்சமாகிறது. எனினும் மனத்தில் நிற்பது இதுவே.

துருக்கிய ஒற்றர் தலைவர் கெரிம் பேயாக நடித்தவர் மெக்சிகோ நடிகர் பெத்ரோ அர்மெந்தாரிஸ். படப்பிடிப்பின்போது புற்றுநோய் முற்றிய நிலையிலிருந்த அவர், தம் குடும்பத்திற்குப் பொருள் வைத்துச் செல்லும் பொருட்டு நடித்து முடித்தார். அவர்தம் காட்சிகள் முன்கூட்டியே படமாக்கப்பட்டன. 1963 ஜூனில் அவர் மறைந்தார். படம் வெளியானதை அவர் காணவில்லை. திரையில் அவர் நகைப்பில் நோயின் சாயல் சிறிதுமில்லை. நட்பின் வெம்மையை இக்கதைக்கு அளித்தவர் அவரே.

குறைகளும் இல்லாமலில்லை. பெண்டிரை ஆடவர்தம் விளையாட்டுப் பொருளாகக் காணும் பார்வை இரண்டு படங்களிலும் உண்டு. எனினும், நாவலில் சோவியத் அமைப்பே சதிசெய்ய, படத்தில் அப்பழி இரு வல்லரசுகளையும் மோதவிட்டுப் பயன்பெறும் ‘ஸ்பெக்டர்’ என்னும் கற்பனைக் கூட்டத்தின்மீது ஏற்றப்பட்டது. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடியால் உலகம் நடுங்கிய நினைவு அகலாத காலத்தில் இம்மாற்றம் பொருள் பொதிந்ததாயிற்று.

முன்னதைவிடப் பெரிதாவது வளர்ச்சியன்று, ஆழமாவதே வளர்ச்சி. இவ்வுண்மை திரைக்கு மட்டுமன்றி, எழுத்துக்கும் பொருந்தும்.